மூணு கட்டை லைட்டு

போடியில் டார்ச் லைட்டுக்குள் போடுவதை யாரும் பேட்டரி என்று சொல்லமாட்டார்கள். கட்டை. ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் அஞ்சு கட்டை லைட்டு இருந்தது. திருவிழா சமயத்தில் அதை வானத்தைப் பார்த்து அடித்துக் காட்டுவார்கள். வெளிச்சம் மேகத்தில் போய் முட்டுகிறது என்று நாங்கள் சத்தியமாக நம்பினோம். பெரியப்பாவிடம் இருந்தது மூணு கட்டை. பித்தளை உடம்பு, மேல்பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரியும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் அவருக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். விடியும் முன் ஜீப் ஏறும்போது தோளில் துண்டு, கையில் அந்த லைட்டு. இரண்டில் எதை மறந்தாலும் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார்.

2021 ஆகஸ்டில் அந்த லைட்டுக்கு ஓய்வு கொடுத்தவன் நான். பெங்களூரிலிருந்து போகும்போது இணையத்தில் வாங்கிய அலுமினிய டார்ச் ஒன்றைக் கொண்டுபோனேன். உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்கென்று தனியாக இரண்டு லித்தியம் கட்டைகள். மேலுறையில் 9800 எம்.ஏ.ஹெச். என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்திலேயே 3500 என்று போட்ட ஒன்று இரண்டு மடங்கு விலைக்கு இருந்தது. எண் பெரிது, விலை சிறிது. நானும் ஒரு பொறியாளன்தான். அதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி. காய் எடுப்புக் காலம். பறித்த பச்சைக் காயை அன்றைக்கே ஸ்டோரில் ஏற்றிவிட வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றுதான் பெயர். 18 மணி நேரத்திலிருந்து 30 மணி நேரம்வரை சூட்டில் கிடந்தால்தான் காய் பச்சை மாறாமல் காயும். அதுவரை யாராவது அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டுப் பெரியப்பாவும் காவல்காரரும் ஸ்டோரிலிருந்து செட்டுக்கு இறங்கியிருக்கிறார்கள். மூடுபனி, தூறல். பாதி வழியில் டார்ச் நின்றுவிட்டது. மங்கவில்லை, சிமிட்டவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. பெரியப்பாவின் செல்போன் ஸ்டோரில் சார்ஜில் கிடந்தது. கீழே ஓடைப் பக்கம் கிளை முறியும் சத்தம். அந்த மலையில் ராத்திரி கிளை முறிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காவல்காரர் பதறிப் பின்னால் நகர்ந்ததில் கால் கானுக்குள் போய்விட்டது. கணுக்கால் முறிவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அசையாமல் ஏலச்செடிகளுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், அவர் வலியில் சத்தம் போடாமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு. அந்த வருடம் எடுப்பு முடியும்வரை அவர் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் போனில் பெரியப்பா கோபப்படவில்லை. "தம்பி, அந்தக் கட்டை சொல்லாமக் கொள்ளாம செத்துப்போச்சுடா" என்றார். "நம்ம கட்டையின்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லிரும்ல."

நம்ம கட்டை எப்படிச் சொல்லும், இது ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியோடு நான் கொஞ்ச நாள் அலைந்தேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஏறத்தாழ 150 வருடம் பின்னால் இருந்தது.

*

போடியிலிருந்து மேலே ஏறிய பழைய பாதைகளைப் பற்றி எஸ். செந்தில்குமாரின் 'கழுதைப்பாதை' நாவலைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. சுமை ஏறுவதும் இறங்குவதும் கழுதை முதுகில். அதற்கு வடக்கே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்வரை குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அதிலேறிப் போன ஏலக்காயைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அதிலேறி வந்த மண்ணெண்ணெயைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. மலையின் ராத்திரிகள் ஓடியது அதில்தான்: சிம்னி, அரிக்கேன், வசதியான எஸ்டேட் என்றால் பெட்ரோமாக்ஸ். (பெட்ரோமாக்ஸ் என்றதும் 'வைதேகி காத்திருந்தாள்' கவுண்டமணி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அந்தக் காட்சியின் நகைச்சுவைக்குக் கீழே ஒரு தொழில்நுட்ப உண்மை இருக்கிறது: மேண்டில் என்பது தொட்டால் உதிர்ந்துவிடும் சாம்பல் வலை. மலைப்பாதைக்கு அது லாயக்கில்லை.)

பந்தமோ அரிக்கேனோ எல்லாப் பக்கமும் வெளிச்சம் போடும். பிடித்திருப்பவனுக்குத் தெரிவதைவிட, பிடித்திருப்பவன் மற்றவர்களுக்கு அதிகம் தெரிவான். டார்ச் இதைத் திருப்பிப் போட்டது. தூரத்தில் ஓர் இடத்தை மட்டும் காட்டும், வேண்டாம் என்றால் அடுத்த நொடி அணையும். விலங்குகள் உள்ள காட்டில் இது சின்ன விஷயமில்லை.

அணைவதுதான் அதன் தொடக்ககால அடையாளமும். 1899 ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவருக்குக் குழாய் வடிவ மின்விளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி வியாபாரமாக்கிய கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம்தான் பின்னால் எவரெடி ஆனது. அன்றைய கட்டைகளால் தொடர்ந்து எரிக்க முடியாது. கொஞ்ச நேரம் அடித்து, கொஞ்சம் ஓய்வு விட்டு, மறுபடி அடிக்கவேண்டும். மினுக்கி மினுக்கி எரிந்ததால்தான் அமெரிக்கர்கள் அதற்கு ஃபிளாஷ் லைட் என்று பெயர் வைத்தார்கள். நாம் ஆங்கிலேயனிடமிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பழைய அர்த்தம் தீப்பந்தம் என்பதால் அது நமக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கட்டையின் கதை இன்னும் முந்தையது. 1866இல் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெக்லாஞ்சே துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் நவச்சார நீரும் கொண்ட ஒரு மின்கலத்தைச் செய்தார். அது கண்ணாடிச் சாடியில் இருந்தது, சாய்த்தால் கொட்டும். இருபது ஆண்டு கழித்து ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் அந்த நீரைப் பசையாக்கி, துத்தநாகத்தையே டப்பாவாக்கி மூடினார். அவ்வளவுதான், பையில் போட்டு நடக்கலாம் என்றானது. நடுவில் கரித்தண்டு, சுற்றிலும் கறுப்புப் பசை, வெளியே துத்தநாகம். 1.5 வோல்ட். நான் சின்ன வயதில் உடைத்துப் பார்த்த கட்டையும் காஸ்னர் செய்ததும் அடிப்படையில் ஒன்றுதான்.

இதில் டப்பாவே எரிபொருள் என்பதைக் கவனிக்கவேண்டும். வெளிச்சம் எரிய எரிய டப்பாவின் சுவர் கரைந்து மெலிகிறது. ஒருநாள் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது வெளியே கசிகிறது. பழைய டார்ச்சைத் திறந்தால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருப்பது இதனால்தான்.

*

இந்தியாவில் எவரெடி 1934இல் ஒரு நிறுவனமாகப் பதிவானது. அது 1959இல் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. சென்னையில் திருவொற்றியூரில் அதற்கொரு பேட்டரித் தொழிற்சாலை இருந்தது. எழுபதுகளில் ஜப்பானின் மட்சுஷிட்டா கூட்டோடு நிப்போ வந்தது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இந்த இரண்டு கட்சிதான். சிவப்புக் கட்டைக்காரர்கள் நிப்போவைத் தொடமாட்டார்கள்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி போபாலில் விஷவாயு கசிந்த தொழிற்சாலை இதே யூனியன் கார்பைடு இந்தியாவினுடையது. எனக்கு இது தெரியவந்தது கல்லூரியில், இரசாயனப் பாதுகாப்பு பற்றிய ஒரு வகுப்பில். அதுவரை போபால் செய்தியும் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த சிவப்புக் கட்டையும் ஒரே பெயரின் இரண்டு முனைகள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 1994இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் 50.9 சதவீதப் பங்கை கல்கத்தாவின் மெக்லியோட் ரஸ்ஸலுக்கு விற்றது. நிறுவனம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. விற்ற பணம் போபாலில் மருத்துவமனை கட்டப் போனது. பெரியப்பாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பயும் ராத்திரிதேன்" என்றார்.

தீர்ந்த கட்டைக்கு ஊரில் இரண்டாம் வாழ்க்கை இருந்தது. உடைத்து உள்ளே இருக்கும் கரியை இலைச்சாற்றோடு அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசுவோம். அதற்கு முன் கடைசி முயற்சியாக ஓட்டு மேல் வெயிலில் காயவைப்பார்கள். மறுபடி கொஞ்சம் எரியும். மூடநம்பிக்கை இல்லை இது: சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும், ஓய்வில் மாங்கனீசுப் பசையும் சற்று தேறிக்கொள்ளும்.

பெரியப்பா சொன்ன "சொல்லிரும்" இதில்தான் இருக்கிறது. துத்தநாகக் கட்டையின் மின்னழுத்தம் முதல் நாளிலிருந்தே சரிந்துகொண்டு வரும். 1.5, 1.3, 1.1. இழையுள்ள பல்பு அதை அப்படியே நிறமாகக் காட்டும்: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் பீடி முனை மாதிரி சிவப்பு. சிவப்புக்கு வந்த பிறகும் அணைத்து அணைத்து எரித்தால் வீடு போய்ச் சேரலாம். அது மோசமான கட்டைதான். ஆனால் தன் நிலைமையை ஒளிக்காத கட்டை.

*

லித்தியம் வேறு வம்சம். 1970களில் எக்சான் எண்ணெய் நிறுவனத்தில், எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் அயனிகள் ஓர் அடுக்குப் பொருளுக்குள் புகுந்து வெளியேறும் மின்கலத்தைச் செய்தார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு அதை 4 வோல்ட்டுக்கு உயர்த்தியது. 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ மறுமுனையில் உலோக லித்தியத்தை எடுத்துவிட்டுக் கரிமப் பொருளை வைத்தார். உலோக லித்தியத்தை விட்டது எவ்வளவு முக்கியம் என்பது 1989இல் தெரிந்தது. கனடாவின் மோலி எனர்ஜி செய்த உலோக லித்தியக் கலங்கள் ஜப்பானில் செல்போன்களில் தீப்பிடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது. 1991இல் சோனி லித்தியம் அயனிக் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல். குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

நம் பக்கம் இந்த வேதியியலுக்கு ஓர் ஊர் உண்டு: காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. லித்தியம் கலங்கள் அங்கே ஆராயப்படுகின்றன. ஆனால் டார்ச்சில் நாம் போடும் கட்டை இன்றும் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, சீனாவிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கட்டையின் பெயர் 18650. பெயரே அளவுதான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை என்பதற்கு. லேப்டாப்களுக்குள் அடுக்கடுக்காக இருந்தது இது. 2008இல் வந்த டெஸ்லாவின் முதல் காரில் இதே மாதிரி 6,831 கட்டைகள். டார்ச்சுக்கு அது வந்ததற்கு ஒரு தற்செயல் காரணம். வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். (இதற்கு வழிவிட்ட நீல எல்.இ.டி.க்கு 2014இல் நோபல்.) பழைய கட்டை என்றால் இரண்டோ மூன்றோ தேவை. லித்தியம் கட்டை நிரம்பியபோது 4.2, சராசரி 3.6, தீரும்போது 2.5 முதல் 3 வரை. ஒற்றைக் கட்டையே போதும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்படவில்லை, இருந்தும் பொருந்திவிட்டன.

அது சொல்லாமல் சாவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. லித்தியத்தின் மின்னழுத்தம் நெடுநேரம் சமதளமாகப் போய்க் கடைசியில் செங்குத்தாக விழும். தேனி ரோடு மாதிரிப் போய் போடிமெட்டு வளைவில் கவிழ்வது போல. போதாக்குறைக்கு நவீன டார்ச்சுக்குள் ஒரு சர்க்யூட், அழுத்தம் குறைந்தாலும் வெளிச்சம் குறையாதபடி பார்த்துக்கொள்கிறது. கட்டையின் அடிப்பாகத்தில் இன்னொரு சர்க்யூட், அழுத்தம் எல்லைக்குக் கீழே போனதும் இணைப்பையே துண்டிக்கிறது. அது தீவிபத்தைத் தடுக்க வைத்த காவல். யானைக்கு முன்னால் அது காவலாக இல்லை.

*

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கொள்ளளவு அளக்கும் சார்ஜர் ஒன்றைக் கொண்டுபோனேன். 9800 என்று போட்ட கட்டை 1,050 காட்டியது. பெயர்பெற்ற கம்பெனிகள் 18650 அளவில் அப்போது 3600ஐ ஒட்டிய எண்ணுக்கு மேல் கொடுக்கவில்லை என்பதை நான் வாங்குவதற்கு முன் படித்திருக்கவேண்டும்.

பெரியப்பாவுக்கு எம்.ஏ.ஹெச். என்பதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டையை வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "இது வெயிட்டு இல்லையே" என்றார். வீட்டில் காய்க்கு வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 31 கிராம். நான் புதிதாக வாங்கிவந்த 3500ஐ வைத்தோம். 48 கிராம்.

வாங்குவதற்கு முன் எனக்குத் தோன்றாதது அவருக்கு ஒரு நொடியில் தோன்றியதில் ஆச்சரியமில்லை. போடி ஏலச் சந்தையே எடையில்தான் நடக்கிறது. (ஏலக்காய் ஏலம் என்று தமிழில் சொல்லும்போது ஒரே சொல் இரண்டு தடவை வருவது எனக்கு எப்போதும் பிடிக்கும்.) காயை ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி நிறுப்பார்கள், லிட்டர் வெயிட். ஏற்றுமதித் தரத்தில் உயர்ந்த வகைக்கு 7 மி.மீ. சல்லடையில் நிற்கவேண்டும், லிட்டருக்கு 435 கிராம் இருக்கவேண்டும். பார்க்கப் பெரிதாய்ப் பச்சையாய் இருந்து எடை நிற்காவிட்டால் உள்ளே விதை இல்லை, அல்லது மேலே சாயம் ஏறியிருக்கிறது. "சாயக் காய்டா இது" என்று பெரியப்பா அந்த 9800ஐத் தள்ளி வைத்தார்.

எடை போதுமா என்றால் போதாது. பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்த கட்டைக்குப் புது உறை மாட்டி விற்கிறார்கள். அது எடையில் தேறிவிடும், உழைப்பில் தேறாது. அதனால் கட்டையின் மேல் கம்பெனியின் மாடல் எண் இருக்கிறதா, இந்தியத் தர அமைப்பின் ஐஎஸ் 16046 முத்திரையும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு கம்பெனியின் தரவுத்தாளோடு ஒப்பிடவேண்டும்.

தரவுத்தாளைப் படித்தால் இன்னொரு விஷயம் புரியும்: நல்ல கட்டைகளுக்குள்ளேயே எது நல்லது என்பது உபயோகத்தைப் பொறுத்தது. சாம்சங் 35இ 3500 கொள்ளும், 8 ஆம்பியர் தரும். எல்ஜியின் எம்ஜே1 3500, 10 ஆம்பியர். சோனி விடிசி6 (சோனி தன் பேட்டரித் தொழிலை 2017இல் முராட்டாவுக்கு விற்றுவிட்டது) 3000தான், ஆனால் 15 ஆம்பியர். தொட்டியும் குழாயும் மாதிரி. உள்ளே சுருட்டிய தகட்டில் பூச்சைத் தடிமனாக்கினால் அதிகம் கொள்ளும், மெதுவாகத்தான் தரும். மெலிதாக்கினால் வேகமாகத் தரும், குறைவாகக் கொள்ளும். வேகக் கட்டைகள் இயந்திரத் துளைப்பான்களுக்கு ஏற்றவை. பெரியப்பாவுக்குப் பாதை தெரிய 300 லூமன் போதும். அதற்கு 3 வாட். 3500 கட்டையில் 12.6 வாட்-மணி இருக்கிறது. சர்க்யூட் தின்பது போக நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யானை நிற்கிறதா என்று பார்க்க 2000 லூமன் ஒரு நிமிடம் அடித்தாலும் ஏறத்தாழ 20 வாட், அதாவது 5, 6 ஆம்பியர்தான். தொட்டி பெரிதாக இருப்பதே அவருக்கு முக்கியம்.

காவல் சர்க்யூட் உள்ளதா, இல்லாததா என்பதில்தான் நான் வெகுநாள் தடுமாறினேன். இல்லாததை வாங்கினால் அந்த ராத்திரி மாதிரி திடீரென்று துண்டிக்காது. ஆனால் பெரியப்பா வோல்ட் பார்க்கப்போவதில்லை. 2.5க்குக் கீழே போய்க் கிடந்த கட்டைக்குள் செம்பு கரையும், அதை மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள் குறுக்குத் தொடர்பு ஏற்படலாம். ரப்பர் வளையம் போட்டு இறுக மூடிய அலுமினியக் குழாய்க்குள் கட்டை வெடித்தால் அது டார்ச் இல்லை, குண்டு. கடைசியில் காவல் உள்ள கட்டையையே வாங்கி, டார்ச்சை மாற்றினேன். புது டார்ச் 3 வோல்ட் நெருங்கும்போதே தானாக மங்கி, சிவப்புப் பொட்டு காட்டும். பழைய கட்டை தானாகச் சொன்னதை இதில் ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுதிச் சொல்லவைத்திருக்கிறார். காவல் சர்க்யூட்டால் கட்டை 70 மி.மீ. நீளமாகிவிடும், எல்லா டார்ச்சிலும் நுழையாது. அதையும் அளந்தே வாங்கினேன்.

ஒற்றைக் கட்டை டார்ச் என்பதிலும் உறுதியாக இருந்தேன். பெரியப்பாவுக்கு ஒரு புதுக் கட்டை, ஒரு பழைய கட்டை கலந்து போடும் பழக்கம் ஐம்பது வருடப் பழக்கம். துத்தநாகத்தில் அதனால் கசியும். லித்தியத்தில் கலந்தால் பலவீனமானது தலைகீழாகச் சார்ஜ் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. சார்ஜரை ஸ்டோரில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். லித்தியத்துக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஏலக்காய் காய்கிற சூடே அதுதான்.

2023 ஏப்ரல் 29இல் சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பனைப் பிடித்து லாரியேற்றிய அன்று பெரியப்பாவோடு பேசினேன். அதற்கு ஒரு மாதத்துக்குள், மே 27இல், அது கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. ஜூன் 5இல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். மலையில் கொஞ்சம் நிம்மதியா என்று கேட்டேன். "ஒண்ணுதேன போயிருக்கு" என்றார். காவல்காரர் நடக்கிறார், மழை நாளில் கொஞ்சம் சாய்த்து. அவருக்கும் ஒரு டார்ச், இரண்டு கட்டை அனுப்பினேன். பெற்றுக்கொண்டார். ஜீப்பில் பழைய மூணு கட்டை லைட்டையும் வைத்திருக்கிறாராம்.

அந்த ஜூன் 15இல் தேனியிலிருந்து போடிக்கு அகல ரயில் திரும்ப வந்தது. பத்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில். பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். "ராத்திரி சிவப்பு காட்டுச்சாம், உங்க பெரியப்பா சொன்னாக. அதேன் மாடியில வெயில்ல போட்டுருக்கேன்" என்றார் பெரியம்மா. முறத்தில், வற்றலுக்குப் பக்கத்தில், இரண்டு கட்டையும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.